ஏரிக்கரைக்கு ஏற்ற ஆடு

ஆடு வாங்குவது எளிய செயல் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சந்தைக்குச் செல்லவேண்டும், கொழுத்ததாகப் பார்க்கவேண்டும், விலை பேசிக் கயிற்றைப் பற்றி அழைத்துவர வேண்டும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். அவ்வெண்ணத்திற்கு உரிய விலையை நான் கொடுக்கவில்லை. என் தமக்கையார் கொடுத்தார்.

அவர் வாழும் சிற்றூர் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையில் உள்ளது. இராமானுசர் தோன்றிய ஊர் எனப் பெயர்பெற்ற திருப்பெரும்புதூரைச் சுற்றி இன்று கார்களும் கனரக லாரிகளும் உருவாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் ஒரகடத்திலும் வல்லத்திலும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மானாவாரிக் கொல்லைகளும் மேய்ச்சல் நிலங்களும் மதில்களுக்குள் சென்றன. தமக்கையார் குடும்பத்திற்கு எஞ்சியது ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஏக்கர் நிலமே. 2020-இல் அவருடைய கணவர் மறைந்தார். மகனோ ஒப்பந்தத் தொழிலாளி. வேலையுள்ள மாதமும் உண்டு, வேலையற்ற மாதமும் உண்டு. ஆகவே தமக்கையார் ஆடு வளர்க்க விரும்பி என்னிடம் யோசனை கேட்டார்.

நான் படித்தவன் அல்லனோ? நூல்களைப் புரட்டினேன். ஜமுனாபாரி என்னும் இனம் என் கண்ணைக் கவர்ந்தது. உயர்ந்த உடல், வளைந்த மூக்கு, தொங்கும் நீண்ட செவிகள். வெள்ளாடுகளுக்குள் அரசுவீற்றிருக்கும் தோற்றம்! பாலும் மிகுதி. தமக்கையாரின் சேமிப்பிலிருந்து ரூ.40,000 கொடுத்து, 2021 கோடையில் இரண்டு பெட்டையாடுகளை வாங்கினோம். ஊரார் திரண்டு வந்து பார்த்தனர். அப்பெருமையை நானே ஏற்றுக்கொண்டேன்.

நூலில் ஒரு செய்தியை மட்டும் விரைந்து கடந்துவிட்டேன். ஜமுனாபாரியின் தாயகம் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவாப் பகுதி. யமுனையும் சம்பலும் அரித்து உண்டாக்கிய பள்ளங்கள் நிறைந்த நிலம் அது. முட்செடியும் புதருமே அங்கு ஆட்டின் உணவு. பின்னங்கால்களில் எழுந்து நின்று தலைக்கு மேலுள்ள தழையைப் பறித்துத் தின்று வளர்ந்த இனம், குனிந்து புல் மேய்வதை விரும்புவதில்லை. எங்கள் ஏரிக்கரையிலோ புதர் குறைவு, ஈரப்புல்லே மிகுதி.

ஐப்பசி பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை மட்டும் 1,000 மில்லிமீட்டரைக் கடந்தது. எங்கள் ஏரியும் நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கொட்டிலின் தரை காயவே இல்லை. ஆட்டின் இரைப்பையில் தங்கிக் குருதியை உறிஞ்சும் புழு ஒன்று உண்டு. அதன் முட்டைகள் புழுக்கையோடு வெளிவந்து, ஈரத்தில் பொரித்து, நனைந்த புல்லின் மீது ஏறிக் காத்திருக்கும். தழை கிடைக்காத எங்கள் ஆடுகள் அந்தப் புல்லை மேய்ந்தன. சில நாள்களில் அவை தளர்ந்தன. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கியது. மருந்து கொடுத்தோம், காலம் கடந்துவிட்டது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டும் மாண்டன.

தமக்கையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வாயில்லாத உயிர் என்ன செய்யும் தம்பி? அது பிறந்த ஊர் வேறு," என்றார். கடிந்திருந்தால் அன்றிரவு நான் உறங்கியிருப்பேன்.

வன்மை மிக்க ஆடு எது என்பதன்றோ என் கேள்வி? லடாக்கில் 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமியில் சாங்தாங்கி என்னும் வெள்ளாடு வாழ்கிறது. நீர் உறையும் குளிரில் அதன் உடலில் முளைக்கும் மெல்லிய உள்மயிரே பஷ்மினாச் சால்வையாகிறது. நம் நீலகிரியிலும் பனியையும் மூடுபனியையும் தாங்கும் கம்பளிச் செம்மறி உண்டு. அவ்வினத்தைச் சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வருகின்றனர். இவற்றினும் வன்மையுடையவை எவை? ஆயினும் சித்திரை வெயிலில் ஒரகடத்துச் சாலையோரம் இவற்றைக் கட்டினால் என்னாகும்? குளிரை வெல்லும் வன்மை வேறு. ஈரத்தை வெல்லும் வன்மை வேறு. எங்களுக்கு வேண்டியது பின்னது.

ஏரிக்கரையில் செம்மறி மேய்க்கும் முதியவர் ஒருவரை நாடினேன். அவருடையவை மெட்ராஸ் சிவப்பு என்னும் இனம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளுக்கே உரியவை. கம்பளி இன்றிக் குறுமயிரே போர்த்த உடல் ஆதலால் வெப்பத்தைத் தாங்குவன. நான் ஓர் ஆட்டின் பல்லைப் பார்க்க முயன்றபோது அவர் நகைத்தார்.

"பல் வயதைச் சொல்லும் தம்பி. நலத்தைக் கண்ணல்லவா சொல்லும்!" என்று கூறிக் கீழிமையைப் புரட்டிக் காட்டினார். உட்புறம் நன்கு சிவந்திருந்தது. வெளுத்திருந்தால் புழு குருதியைக் குடிக்கிறது என்பது பொருள். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதே குறியைக் கொண்டு ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை ஒன்றை வகுத்துள்ளனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். முதியவர் அவ்வட்டையைக் கண்டவரல்லர்.

செம்மறி மந்தையாக நெடுந்தொலைவு நடந்து மேய்வது. லாரிகள் இடைவிடாது விரையும் சாலையைக் கடந்து அவற்றை ஓட்டிச்செல்லத் தமக்கையாரால் இயலாது. எனவே வெள்ளாடே எங்களுக்குத் தகும் என முடிவு செய்தோம். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணைக்கு இருவரும் சென்று தலைச்சேரி ஆடுகளைப் பார்த்தோம். அவை மலபாரின் பெருமழையில் உருவான இனம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனுவன. எனினும் இம்முறை இனத்தின் பெயரைக் கேட்டதும் நான் மயங்கவில்லை. தலைச்சேரிக் கிடாவுக்கும் நாட்டு ஆட்டுக்கும் பக்கத்து ஊரிலேயே பிறந்து, இரண்டு மழைக்காலங்களைக் கண்ட பெட்டைகள் மூன்றை 2022 தையில் வாங்கினோம். கீழிமையைப் புரட்டிப் பார்த்தவர் தமக்கையாரே. என்னை அருகில் விடவில்லை!

தரையிலிருந்து உயர்த்திப் பரண் அமைத்தோம். புழுக்கை இடுக்கு வழியே கீழே விழும், ஆடு ஈரத்தில் படுக்காது. வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் நட்டோம். மழைநாளில் வெயில் ஏறிப் புல் உலர்ந்த பின்னரே ஆடுகளை அவிழ்த்தோம். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசியும் போட்டோம். இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், நம் விழுப்புரத்திற்கு அருகிலுள்ள அரசூரில்தான். அது இனம் பார்த்து வருவதன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் தொலைபேசித் தொடர்பே இல்லை. மூன்றாம் நாள் தமக்கையாரின் குரல் கேட்டது. நான் வீட்டைப் பற்றி வினவினேன். அவர் விடை வேறாக இருந்தது.

"இரண்டு குட்டி தம்பி. இரண்டும் எழுந்து நின்று பால் குடித்துவிட்டன."

மறு ஆடியில் அங்குச் சென்றிருந்தபோது, பரணருகே தொங்கிய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். கிடாக்குட்டிகள் விற்ற தொகைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் கீழ், "40,000 வந்துவிட்டது" என்று பென்சிலால் எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். அதனை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.