மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

அம்பத்தூரில் கள்ளிக்குப்பம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வெளியே வரும் பர்மா தேக்குச் சாமான்கள் அங்கே காலொடிந்து, பிரம்பு அறுந்து வந்து சேர்கின்றன. பழம்பொருள் வாங்க ஆசைப்படும் புதியவர்கள் கடைக்குப் போகும் முன் இப்படியொரு பட்டறைக்குப் போக வேண்டும். கடையில் பொருளின் முகத்தைக் காட்டுவார்கள்; முதுகைப் பட்டறையில்தான் பார்க்க முடியும்.

"மேல பாக்காதீங்க சார், அடியில பாருங்க" என்றபடி ஆசாரி ஒரு மேசையின் இழுப்பறையை உருவிக் கவிழ்த்தார். அடிப்பலகையில் விரலை ஓட்டினால் மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்பட்டது. கை இழைப்புளி ஓடிய தடம் அது. மூலை இணைப்பின் பற்களும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருந்தன. அச்சில் வார்த்தது மாதிரி எல்லாப் பற்களும் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம் வெட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டார் திருகு 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது ஒன்றிரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இருந்தால், 'வெள்ளைக்காரன் காலத்து மேசை' என்ற பேச்சை நம்ப வேண்டாம். பழைய வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்ப்பதும் நல்லது. மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்குவதால் வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். பூச்சி அரித்த துளை உள்ளே வளைந்து வளைந்து போகும். டிரில் போட்ட துளை நேராக இறங்கும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பாலிஷ் மாஸ்டரின் வேலை. அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சு வைத்த துணிப்பொட்டலத்தால் தேய்க்கிறார். ஒரு பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டு அடுத்த பூச்சு. கை நடுவில் நின்றால் அந்த இடத்தில் துணி ஒட்டித் தழும்பு விழும். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறி அரக்கு வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் அந்த நாட்களில் வேலை இல்லை, கூலியும் இல்லை. ஸ்பிரிட் நெடியிலும் மரத்தூளிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு முகக்கவசமாக இருப்பது ஒரு துண்டு மட்டும். பொருளின் விலையில் இவர்கள் கைக்கு வருவது சொற்பம். இது என் மனதை மிகவும் உறுத்தியது.

மாஸ்டர் ஒரு சோதனையும் காட்டினார். கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அரக்கு பாலிஷ் இளகி விரலில் ஒட்டும்; இன்றைய பியு (பாலியூரித்தேன்) பூச்சு ஒட்டாது. பழைய பாலிஷ் நல்ல நிலையில் இருந்தால் அதைச் சுரண்டச் சொல்லாதீர்கள். போன பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரலாம், நூறு வருஷ நிறத்தைக் கொண்டுவர முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவருக்கு உரிமம் வேண்டும். சாமி சிலை பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடமே விலைகொடுத்து வாங்கி, 2014இல் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

முதல் பொருளை வாங்கப் போகும்போது ஓர் ஆசாரியைக் கூட அழைத்துச் செல்லுங்கள். பொருள் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும், அவருடைய அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.