தொடக்க ஐவரில் இல்லாதவர்

ஸ்டீவ் கெர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 15 பருவங்கள், 910 ஆட்டங்கள் ஆடினார். நடுவர் பந்தை மேலே வீசும்போது களத்தில் நின்ற ஐந்து பேரில் ஒருவராக இருந்தது 30 முறைதான். மற்ற நாளெல்லாம் பெஞ்சு. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டதும் எழுந்துபோய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடி, கைக்கு வந்த பந்தைத் தூரத்திலிருந்தே கூடைக்குள் போட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். ஆட்டத்துக்குச் சராசரியாக 6 புள்ளி. ஆறு அணிகளின் சட்டையைப் போட்டுக் கழற்றியவர்.

இதே ஆள் பயிற்சியாளராகி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு 2015, 2017, 2018, 2022 என நான்கு கோப்பைகள் வாங்கித் தந்தார். 2024-25 பருவத்தில் நான் சான் பிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டர் அரங்குக்குப் போனது இந்தக் கணக்கு மண்டையைக் குடைந்ததால்தான். டிக்கெட் எடுத்தவன் ஃப்ரீமான்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன். "மாமா, முன்னாடியே போயிடணும். அப்பதான் கரி பிராக்டீஸ் பண்றதைப் பாக்கலாம்" என்று நச்சரித்து இழுத்துக்கொண்டு போனான். நான் பெஞ்சைப் பார்க்கத்தான் வருகிறேன் என்றதும், "அதுக்கா இவ்ளோ காசு குடுத்தேன்?" என்றான். காசு அவனுடையது, கேட்கலாம்.

வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி இரண்டு கையிலும் இரண்டு பந்துகளைத் தட்டிக்கொண்டே வந்ததும் கீழ்வரிசை முழுக்கச் செல்போனைத் தூக்கியது. கரிக்குப் பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய ஒருவர் நின்றார். அவர் புரூஸ் ஃப்ரேசர், உதவிப் பயிற்சியாளர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் கெர்ரோடு ஒரே அணியில் ஆடியவர். கரியின் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி ஆண்டுக்கணக்காக அவர் பொறுப்பு. வலையிலிருந்து விழும் பந்தை எடுத்துக் கரிக்குத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று தோன்றும். கொஞ்ச நேரம் கரியை விட்டுவிட்டு ஃப்ரேசரை மட்டும் பார்த்தேன். கரி நகர்ந்துகொண்டே இருக்கிறார்; கூடைக்கு அருகில் இடது கை, பிறகு நடுத்தூரம், பிறகு மூன்று புள்ளிக் கோடு. அவர் கால் ஊன்றும் இடத்துக்குக் கால் ஊன்றும் நொடியில் பந்து போகிறது. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, ஒவ்வொரு முறையும் அதே உயரம். கரி கையைத் தாழ்த்தவும் வேண்டாம், உயர்த்தவும் வேண்டாம். எறிகிறவர் புகழ்பெற்றவர். போட்டுக்கொடுப்பவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், ஒரு செல்போனும் அவர் பின்னால் திரும்பவில்லை.

அடுத்த பக்கக் கூடையடியில் வேறு கதை. முழங்கையில் தடித்த மெத்தை மாட்டிய ஓர் இளைஞர், கூடைக்கு ஏறும் ஆட்டக்காரரை வேண்டுமென்றே இடித்துக்கொண்டிருந்தார். அவரும் பயிற்சியாளர்தான். என்பிஏ அணிகளில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். கல்லூரியில் நன்றாக ஆடி, ஜி லீக் என்ற கீழ்நிலைப் போட்டியிலோ ஐரோப்பாவின் சிறு நகரங்களிலோ நாலு வருஷம் சம்பளத்துக்கு ஆடி, அதற்குமேல் யாரும் கூப்பிடாதபோது இந்தப் பக்கம் வந்தவர்கள். பகலில் வீடியோ அறையில் எதிரணியின் ஆட்டங்களைத் துண்டுபோடுகிறார்கள். ஆட வாய்ப்புக் கிடைக்காத ஆட்டக்காரர்கள் துருப்பிடித்துவிடாமல் இருக்க அவர்களோடு மூன்றுக்கு மூன்று ஆடுகிறார்கள். எதிரணிகளைப் பங்குபோட்டு வைத்துக்கொண்டு, தன் பங்கு அணி வரும் நாளில் அதன் நெளிவுசுளிவை எல்லோருக்கும் சொல்ல வேண்டியது உதவிப் பயிற்சியாளர் பொறுப்பு. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தே வளர்ந்தவனுக்கு, இந்தத் தொழிலில் இத்தனை கைகள் இருப்பது நேரில் போனால்தான் உறைக்கிறது.

அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் வரலாறே தனி. டெர்ரி ஸ்டாட்ஸ் 1980இல் ஹூஸ்டன் அணியால் தேர்வு செய்யப்பட்டும் என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். சிறு லீக்குகளிலும் ஐரோப்பாவிலும் சுற்றிவிட்டுப் பயிற்சியாளராகி, போர்ட்லண்ட் அணியை ஒன்பது பருவங்கள் நடத்தினார். அவர் கூட்டாளி ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், 1995இன் புதுமுகத் தேர்வில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். 2000-01 பருவத்தில் லீக்கிலேயே மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்தவர், ஆட்டத்துக்கு ஏறக்குறைய 30. அந்தப் பருவத்தில் அவர் 6 புள்ளிக்காரரிடம் உதவியாளர்.

ஆட்டம் தொடங்கிய பிறகு என் கண் டைம்அவுட்டுகளில்தான் இருந்தது. எழுபத்தைந்து விநாடி. கெர் நேராக ஆட்டக்காரர்களிடம் போகவில்லை. களத்துக்குள் நாலு அடி வைத்து உதவியாளர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டார். ஆளுக்கு ஒரு வாக்கியம், தலையாட்டல். அதற்குள் பெஞ்சுக்கு முன் ஒரு சின்ன ஸ்டூல் வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து பலகையில் கோடு கிழித்தார். பேச்சு முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. கோபம் வந்தால் அந்தப் பலகையை உடைப்பார் என்று கேள்வி. அன்றைக்குப் பலகை தப்பியது. நான் கவனித்த இன்னொன்று, கடைசி நாற்காலிகளில் இருந்தவர்களும் எழுந்து வட்டத்துக்குள் தலையை நுழைத்துக் கேட்டார்கள். இறங்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

அந்த நாற்காலி கெர்ருக்குப் பழக்கமானது. அதற்கு வந்து சேர்ந்த கதையை முதலிலிருந்து சொன்னால், பெய்ரூட்டில் 1965இல் பிறந்தவர். அப்பா மால்கம் கெர் அரபு அரசியல் அறிஞர், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரியில் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது 18 வயது, அரிசோனாவில் முதலாண்டு மாணவன். சில நாளிலேயே களத்தில் இறங்கி ஆடினான். கெர்ரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நான் தாண்டிப் போகிறேன். அந்தத் துயரம்தான் அவரைப் பயிற்சியாளராக்கியது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

1988 தேர்வில் 50வது ஆளாகக் கெர்ரை ஃபீனிக்ஸ் அணி எடுத்தது. ஓராண்டில் கிளீவ்லண்டுக்கு மாற்றியது. அங்கிருந்து ஓர்லாண்டோ. 1993இல் சிகாகோ புல்ஸ் அவரைச் சேர்த்தபோது வேலைக்கு உத்தரவாதமே இல்லாத ஒப்பந்தம். பயிற்சி முகாமிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். 1995 முகாமில் சக ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டன் கெர்ரின் முகத்தில் குத்தியதும், பிறகு போன் போட்டு மன்னிப்புக் கேட்டதும் ஊரறிந்த சங்கதி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1997 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். யூட்டா அணியோடு 86-86. கடைசி டைம்அவுட்டில் ஜோர்டன் கெர்ரிடம், தன்னைத் தடுக்க ஜான் ஸ்டாக்டன் ஓடிவருவார், அப்போது உன்னிடம் பந்து வரும் என்று சொல்லி வைத்தார். தயாராக இருக்கிறேன் என்றார் கெர். ஸ்டாக்டன் வந்தார், பந்து வந்தது, ஐந்து விநாடி மிச்சமிருக்க உள்ளே விழுந்தது.

தயாராக இருப்பதற்கு 2003 இன்னும் நல்ல உதாரணம். சான் அண்டோனியோ அணியில் இருந்த கெர்ருக்கு வயது 37, அந்த நாக்அவுட் சுற்றுகளில் அவரைக் களத்தில் பார்ப்பதே அபூர்வம். டல்லஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோது கூப்பிட்டார்கள். நான்கு மூன்று புள்ளி எறிதல்கள், நான்கும் உள்ளே. அணி வென்றது, பிறகு கோப்பையையும் வென்றது, கெர் ஓய்வு பெற்றார். வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவனின் கை எப்படிச் சூடாக இருந்தது? யாரும் பார்க்காத காலை நேரங்களில் எறிந்துகொண்டே இருந்ததால்.

ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி வர்ணனை, ஃபீனிக்ஸில் பொது மேலாளர், மறுபடி வர்ணனை. 2014இல் வாரியர்ஸ் அழைத்தபோது ஒரு பள்ளிக்கூட அணிக்குக்கூட அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆனால் பயிற்சியாளரானால் என்ன செய்வேன் என்று முன்பிருந்தே குறிப்பெழுதி வைத்திருந்தார். வந்ததும் செய்த முதல் காரியம் பந்தைக் கைமாற்ற வைத்தது. முந்தைய பருவத்தில் பாஸ் எண்ணிக்கையில் லீக்கிலேயே கடைசி இடம் வாரியர்ஸுக்கு. ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார்.

அடுத்தது ஆந்த்ரே இகுடாலா. அதுவரை வாழ்க்கையில் எல்லா ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் நின்ற ஆள். அவரைப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் கெர். நட்சத்திரமாக ஆடிய பயிற்சியாளர் ஒருவர் கேட்டிருந்தால் அது தண்டனையாகத் தெரிந்திருக்கும். 880 முறை பெஞ்சிலிருந்து எழுந்து போனவர் கேட்டால் மறுப்பது கொஞ்சம் கஷ்டம். அந்தப் பருவ இறுதிச்சுற்றில் கிளீவ்லண்டுக்கு எதிராக 2-1 என்று பின்தங்கியபோது, நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர் இரவில் பழைய இறுதிச்சுற்று வீடியோக்களைப் பார்த்து, உயரமான ஆண்ட்ரூ போகட்டை எடுத்துவிட்டு இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம் என்றார். அணியில் ஆகக் கீழ்ப்படியில் இருந்தவரின் யோசனை. கெர் ஏற்றார், நிருபர்களிடம் மாற்றமில்லை என்று பொய்யும் சொன்னார். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. பருவம் முழுக்க ஒருமுறைகூட முதலில் இறங்காத இகுடாலாவுக்கு இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

இதை வைத்து, பெஞ்சில் தேய்ந்தவனே நல்ல வாத்தியார் என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. பில் ரஸல், லென்னி வில்கன்ஸ், லாரி பேர்ட் எல்லோரும் ஆட்டத்திலும் உச்சம், பயிற்சியிலும் வெற்றி. இன்னொரு பக்கம், கெர்ருக்கு விழுந்த பெரிய அடியும் ஒரு நாடோடி ஆட்டக்காரரிடமிருந்தே வந்தது. 2016இல் 73 ஆட்டம் வென்று, கெர் ஆடிய சிகாகோவின் 72 என்ற சாதனையையே முறியடித்த வாரியர்ஸ், இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லண்டிடம் தோற்றது. கிளீவ்லண்டின் பயிற்சியாளர் டைரன் லூ. பதினோரு பருவங்கள் அணி அணியாக மாறி ஆடியவர். 2001 இறுதிச்சுற்றில் கீழே விழுந்தபோது ஆலன் ஐவர்சன் தாண்டிப் போன படத்தால் உலகத்துக்குத் தெரிந்தவர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குக் கெர் தலைமை, லூ உதவி. பன்னிரண்டு பேரும் சொந்த அணியில் முக்கியமானவர்கள், பந்தோ ஒன்று. செர்பியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஜேசன் டேட்டம் ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. ஒரு மாதம் முன்புதான் பாஸ்டனுக்காக என்பிஏ கோப்பையைத் தூக்கியவர். பிறகு, தான் செய்தது தனக்கே முட்டாள்தனமாகத் தோன்றுகிறது என்று கெர் நிருபர்களிடம் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் டேட்டமைத் தொடக்கத்திலேயே இறக்கினார். அரையிறுதியில் மறுபடி செர்பியா. அமெரிக்கா 17 புள்ளி பின்தங்கி, கரியின் 36 புள்ளியால் மீண்டு 95-91 என்று தப்பியது. அன்றும் டேட்டம் பெஞ்சில்தான் இருந்தார். பெஞ்சின் வலி தெரிந்தவராலும் பெஞ்சில் யாரையும் உட்கார வைக்காமல் இருக்க முடியாது என்பதை என் அக்கா மகன் ஏற்கவில்லை. "வலி தெரிஞ்சவரே அப்படிச் செய்யலாமா மாமா?" என்று வண்டியில் திரும்பும்போதும் கேட்டுக்கொண்டே வந்தான்.

பாஸ்டன்காரர்களும் அவன் கட்சிதான். அந்த நவம்பரில் வாரியர்ஸ் அங்கே ஆடப்போனபோது கெர்ரின் பெயரை அறிவித்ததும் அரங்கம் சத்தம்போட்டு எதிர்ப்புக் காட்டியது. வாரியர்ஸ் 118-112 என்று வென்றது.