அம்மாவின் ஐஸ்பெட்டி

புது வேனின் கூரையில் 200 வாட் சோலார் பலகை ஏறியதும் ஜார்ஜ்டவுன் சொந்தங்கள் சிரித்தார்கள்: “டிவி பார்க்கவா?” இல்லை, அம்மாவின் இன்சுலினுக்கு. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் வீண்தான். அதனாலேயே நீண்ட பயணம் என்றால், “நீங்க போய்ட்டு வாங்க” என்பார்.

பினாங்கு பூமத்தியரேகைக்கு மிக அருகில், சுமார் 5.4 டிகிரி வடக்கே. பலகையைப் படுக்கையாகவே பொருத்தலாம். ஆனால் பலகை சூடேறினால் மின்சாரம் குறையும். அடியில் காற்றோட இடைவெளி விட்டோம். நாலு மணி நேர முழு வெயிலுக்குக் கணக்குப்படி 800 வாட் மணி. சேதாரம் போனாலும் சின்ன ஐஸ்பெட்டி ஒரு நாள் ஓடும். மழைக்கு லித்தியம் பேட்டரி.

திரைச்சீலை, அடுப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அம்மா இப்போது கேட்பது: “கேமரன் மலையில ரொம்பக் குளிருமாடா?”