முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

கிறிஸ்துமஸ் முடிந்து சென்னைக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து கொடுத்துவிடுவாள். போன வருஷம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒன்றைப் பிட்டு உள்ளே பார்த்தார். "பயறுதானே இருக்கு? முந்திரி எங்க சார்?"

நாற்பது வருஷமாகத் தின்கிறேன்; ஒருநாளும் இதைக் கேட்கத் தோன்றியதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் விளவங்கோடு பக்கத்தில் அவர் சொல்கிற முந்திரிக்குப் பெயர் அண்டிப்பருப்பு. அதை உடைக்கிற இடம் அண்டி ஆபீஸ். பாட்டி அண்டி ஆபீஸுக்குப் போனவள். தோட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் அவளுக்குக் கடைசிவரை வெளுக்கவில்லை. அதே விரல்களால்தான் முந்திரிக்கொத்தும் பிடிப்பாள். ஆனால் அண்டி வேறு, முந்திரி வேறு.

அப்படியானால் முந்திரி எது?

மாமியிடம் போனில் கேட்டேன். "பண்டு அண்டிப்பருப்புதான் போட்டிருப்பாவ, விலை ஏறினப்ப பயறாக்கிட்டாவ" என்றாள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பருப்புக்கு எங்கள் ஊரில் முந்திரி என்ற பெயரே இல்லையே! தவிர, அந்த மரமே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது.

தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். பழைய கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. பலகாரத்தைப் பங்கு வைக்கிற சண்டைக்கு உதவலாம், எனக்கு உதவவில்லை. கொடிமுந்திரி என்ற சொல்லில்தான் நின்றேன். அதற்குப் பொருள் திராட்சை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். அவர்கள் ஊரில் முந்திரிகை என்றால் திராட்சை, நம் முந்திரி மரமுந்திரிகை. பின்னால் வந்ததற்குத்தானே 'மர' என்று ஒட்டுப் போடவேண்டும்?

டிசம்பரில் ஊருக்குப் போனதும் பாட்டியின் பெட்டியைத் திறந்தேன். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்பு, திருவிதாங்கூர் காலத்தில் படித்தவள் அவள். அவள் வேதப்புத்தகம் மலையாளம். எழுத்துக்கூட்டி யோவான் 15ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். தமிழில் திராட்சச்செடி என்று நாங்கள் வாசிக்கிற இடத்தில் முந்திரிவள்ளி என்றிருந்தது. புத்தகத்தை மூடாமலே அடுக்களைக்குப் போனேன்.

அங்கே அம்மா வேலையைத் தொடங்கியிருந்தாள். வறுத்துத் திரித்த சிறுபயறு, சிவக்க வறுத்த தேங்காய்ப்பூ, எள், ஏலம், சுக்கு. கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உருண்டை பிடிக்க வேண்டும். "ஆறவிட்டா உதிரும் மக்கா, சட்டுன்னு பிடி." நான் பிடித்தவை பாதி உதிர்ந்தன, மீதி கோலிக்குண்டாகிவிட்டன. ராத்திரி முழுக்க முறத்தில் காயவைத்தோம். தேங்காயில் ஈரம் தங்கினாலோ பாகு இளகினாலோ பண்டம் நாள்பட நிற்காது என்று அம்மா இரண்டு தடவை எழுந்து தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மஞ்சள் கலந்த பச்சரிசி மாவுக் கரைசல், அடுப்பில் தேங்காய் எண்ணெய். அம்மா மூன்று உருண்டைகளை ஒன்றாக மாவில் முக்கி, விரல் நுனிகளால் ஒட்டவைத்து, அப்படியே எண்ணெயில் நழுவவிட்டாள். ஓரத்தில் வழிந்த மாவு மெல்லிய வாலாகப் பொரிந்து நின்றது. அரிகரண்டியில் அள்ளித் தூக்கியபோது முதல்முறையாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தேன். காம்போடு ஒரு சின்னத் திராட்சைக் குலை. எனக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

"இது திராட்சைக் கொத்தும்மா" என்றேன்.

"கொத்துன்னா மூணும் ஒட்டணும். ஒனக்கு ஒண்ணாவது ஒட்டிச்சா?"

ஒட்டவில்லை. என்னுடையவை எண்ணெய்க்குள் போனதும் தனித்தனியாகப் பிரிந்து மிதந்தன. கடையில் இப்போது ஒற்றை உருண்டையாகவே போட்டு விற்கிறார்கள். பாட்டி இருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்கச் சொல்லியிருப்பாள். மூன்றாம் ஈட்டில்தான் இரண்டு ஒட்டின. அம்மா அதைத் தனியாக எடுத்துவைத்து, "இத ஆபீஸுக்குக் கொண்டுபோகாத" என்றாள்.

ஜனவரியில் பக்கத்து மேசைக்காரரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றைப் பிட்டு உள்ளே பார்த்தார்.

"சரி சார். அப்போ திராட்சை எங்க?"