சென்ட்டில் சொல்லு அம்மிணி!

கோயமுத்தூர்ப் பக்கம் யாரிடமாவது போய், 'உங்களுக்கு எத்தனை ஹெக்டேர் நிலம்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கொங்கு நாட்டில் நிலம் விற்பது, வாங்குவது, பங்கு பிரிப்பது, பங்காளியோடு பேச்சை நிறுத்துவது எல்லாமே ஏக்கரா, சென்ட் கணக்கில்தான். ஆனால் அதே மனிதரின் பட்டாவை வாங்கிப் பாருங்கள். 'ஹெக்-ஏர்' என்ற தலைப்பின் கீழே 1-62.00 என்று இருக்கும். ஒரு ஹெக்டேர், 62 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். மனக்கணக்காகப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்... சரி, நானே சொல்கிறேன். ஏறக்குறைய நாலு ஏக்கரா.

இந்தச் சின்ன வகுத்தலை கம்ப்யூட்டரின் தலையில் கட்டலாமா என்று கேட்டு ஒரு பெண் என்னிடம் வந்தாள். நண்பர் ஒருவரின் உறவு. கோவையில் பொறியியல் படிப்பு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். வகுப்பில் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட சாஃப்ட்வேரைக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இதுக்கு ப்ளக்-இன் எழுதலாமாம்ல, அண்ணா? எனக்கெல்லாம் வருங்களா?"

க்யூ.ஜி.ஐ.எஸ். பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாஸ்காவில் இருந்த கேரி ஷெர்மன் என்பவர், லினக்ஸில் வரைபடத் தகவல்களைப் பார்க்க வசதியாக ஒன்று வேண்டுமே என்று 2002-ல் தனி ஆளாக ஆரம்பித்தது. 1.0 பதிப்பு வந்தது 2009-ல். இன்று உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இதில் ஒரு வசதி இல்லையென்றால் யாரிடமும் மனுப் போட வேண்டாம், நாமே எழுதிச் செருகிக்கொள்ளலாம். அப்படிச் செருகுவதுதான் ப்ளக்-இன். பைத்தான் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். க்யூ.ஜி.ஐ.எஸ்ஸுக்கு ஹெக்டேர் தெரியும், ஏக்கர் தெரியும். சென்ட் தெரியாது. அலாஸ்காவில் சென்ட் என்றால் சில்லறை!

2002 என்றதும் இன்னொரு வருஷம் ஞாபகம் வருகிறது. 1802, ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு இந்தியாவை அளக்க ஆரம்பித்த நாள். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அது மோதி சேதமாகி, உட்கார்ந்து ரிப்பேர் செய்தார். அன்றைக்கு நிலத்தை அளக்க கம்பெனி ராஜ்யமும் யானை பலமும் வேண்டியிருந்தது. இன்று ஒரு லேப்டாப் போதும் என்பதை நாம் இன்னும் முழுசாக நம்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம், ப்ளக்-இன் எழுதுவது எப்படி என்று தேடி, நாற்பது பக்கம் படித்து, பயந்து மூடி வைப்பது. அவளிடம், "ப்ளக்-இன்னை மறந்துரு. க்யூ.ஜி.ஐ.எஸ்ஸுக்குள்ளேயே பைத்தான் கன்ஸோல் இருக்கு, அதைத் திற" என்றேன். அதில் நாலே வரி. இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் லேயரை எடு, அதில் தேர்ந்தெடுத்த வயலை எடு, பரப்பைக் கேள், 40.47-ஆல் வகு. அவ்வளவுதான். நாலு வரி ஓடினால் அதுதான் ப்ளக்-இன்னின் உயிர். பட்டன், ஐகான் எல்லாம் அப்புறம் போடுகிற சட்டை.

ஓட்டினாள். பரப்பு 0.00000134 என்று வந்தது. "நாலு ஏக்கராவக் காணோம்ங்ணா!" என்றாள்.

இதில் வழுக்கி விழாதவர் கிடையாது. சாட்டிலைட் படத்தின் மேல் அவள் வரைந்த வயல், அட்சரேகை தீர்க்கரேகையில், அதாவது டிகிரியில் இருந்தது. பரப்பும் சதுர டிகிரியில் வந்தது. சதுர டிகிரியில் யாராவது தென்னந்தோப்பு வாங்குவார்களா? பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கி மீட்டரில் சொல்ல யு.டி.எம். என்று ஒரு முறை உண்டு. உலகத்தை 60 பட்டைகளாக நறுக்கியிருப்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் 43-ம் பட்டை. 78 டிகிரியில் கோடு மாறுகிறது. கரூர், நாமக்கல், சேலம் 44-ம் பட்டை. ஆக, உலகத்தை நறுக்கியவர்கள் நம்மைக் கேட்காமலே கொங்கு நாட்டை இரண்டாகப் பாகம் பிரித்திருக்கிறார்கள். லேயரை 43 வடக்குக்கு மாற்றி மறுபடி ஓட்டச் சொன்னேன். 400 சென்ட்டுக்குக் கிட்டே வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்கப்புறம்தான் சட்டை. ஒரு ஃபோல்டர், அதில் மூன்று ஃபைல். முதலாவது மெட்டாடேட்டா: பெயர், பதிப்பு, எழுதியவர், என்ன செய்யும் என்கிற ஜாதகம். இரண்டாவது இனிட்: க்யூ.ஜி.ஐ.எஸ். வந்து கதவைத் தட்டும்போது 'நான்தான்' என்று சொல்கிற ஃபங்ஷன் ஒன்று அதில். மூன்றாவதில்தான் வேலை. அதிலும் மூன்றே முக்கியப் பகுதிகள்: உள்ளே வரும்போது பட்டனை மாட்டுவது, பட்டனை அமுக்கினால் கணக்குப் போடுவது, வெளியே போகும்போது பட்டனைக் கழற்றிக்கொண்டு போவது. இந்தக் கடைசியை மறந்தால், ஒவ்வொரு தடவை திரும்ப ஏற்றும்போதும் இன்னொரு பட்டன் முளைத்து, டூல்பார் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். விருந்தாளி போகும்போது செருப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டாமா?

இந்த எலும்புக்கூட்டைத் தானே செய்து தர 'ப்ளக்-இன் பில்டர்' என்று ஒரு ப்ளக்-இன். மாற்றியதை உடனே பார்க்க 'ப்ளக்-இன் ரீலோடர்' என்று இன்னொன்று. இரண்டும் இலவசம். க்யூ.ஜி.ஐ.எஸ்ஸுக்கு ஆயிரத்துக்கும் மேல் ப்ளக்-இன்கள் இருக்கின்றன. அத்தனையின் நிரலும் திறந்த புத்தகம். நல்லதாக ஒன்றை இறக்கிப் பிரித்துப் பார்ப்பதை விடச் சிறந்த வாத்தியார் இல்லை. பெங்களூரில் உஜவல் காந்தி என்பவர் க்யூ.ஜி.ஐ.எஸ். பாடங்களைப் படிப்படியாக எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். ப்ளக்-இன் எழுதுவதற்கும் அதில் பாடம் உண்டு.

அவளுக்கு இங்கிலீஷ் பயம் இருந்தது. எர்ரர் வந்தால் இருபது வரி சிவப்பாகக் கொட்டும், கண் கலங்கும். "கடைசி வரியை மட்டும் முதல்ல படி கண்ணு" என்றேன். பைத்தானில் என்ன கோளாறு என்பது கடைசி வரியில்தான் இருக்கும். எந்த இடத்தில் என்பது அதற்குச் சற்று மேலே. தவிர, விளக்கக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம், பட்டனிலும் பெட்டியிலும் தமிழ் போடலாம். பைத்தான் 3-ல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். அவள் ஒன்றுக்கு 'பரப்பு' என்று வைத்தாள், வேலை செய்தது. அன்றைக்குத்தான் இந்தச் சமாச்சாரம் தன்னுடையதும்கூட என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பத்து நாளில் ப்ளக்-இன் ரெடி. வயலைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி. ஹெக்டேர்-ஏர் ஒரு வரி, ஏக்கர்-சென்ட் ஒரு வரி. வேறு ஒன்றும் செய்யாது. முதல் ப்ளக்-இன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு அவசரம் என்று அப்புறம்தான் சொன்னாள். சுல்தான்பேட்டைப் பக்கம் அவள் அப்புச்சி விட்டுப்போன நாலு ஏக்கரா. இரண்டு மாமன்கள், அப்புறம் அவள் அம்மா. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க. சட்டம் வந்தாலும் எங்கள் பக்கம் பல வீடுகளில் பெண்கள் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடப்படுவார்கள், அளக்கும்போது அல்ல. கிணறும் வீடும் அண்ணன்களுக்கு, அம்மாவுக்கு 'இட்டேரி வரைக்கும் ஒரு ஏக்கரா' என்று பேச்சு. அம்மாவும் சரியென்று தலையாட்டியிருக்கிறார். அந்தத் துண்டைத்தான் மகள் வரைந்து, பட்டனை அமுக்கியிருக்கிறாள். 84 சென்ட்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். கம்ப்யூட்டர் சொன்னதால் 84 என்று சத்தியம் செய்யக் கூடாது. அந்த அளவுள்ள சதுர வயலில் நாலு பக்கமும் எல்லை ஒரு மீட்டர் தள்ளிப் போனாலே ஏறக்குறைய 6 சென்ட் மாறிவிடும். சாட்டிலைட் படத்தில் வேலி எது, நிழல் எது என்று ஒரு மீட்டர் தவறுவது சகஜம். செல்போன் ஜி.பி.எஸ். அதைவிட மோசம். சட்டப்படி செல்லுபடியாவது சர்வேயர் புலப்படத்தை வைத்து, கல்லைத் தேடி அளக்கிற அளவுதான். ஆனால் 84-க்கும் 86-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாத கருவியால், 84-க்கும் 100-க்கும் சொல்ல முடியும். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். தீர்ப்பு வேண்டாம், ஒரு கேள்வி கேட்கத் தைரியம் வேண்டும்.

அம்மா கேட்டார். சண்டையாக இல்லை. "அண்ணா, கையெழுத்துக்கு முந்தி ஒருக்கா சர்வேயரக் கூப்ட்டு அளந்துக்கலாமுங்களா?" என்று. மூத்த மாமன் கொஞ்ச நேரம் லேப்டாப்பையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாராம். "ஹெக்டேரு கிக்டேரெல்லாம் வேண்டாம், சென்ட்டுல சொல்லு அம்மிணி" என்றாராம். சொன்னாள். "அப்ப அளந்தே போட்ருவோம்" என்றார். தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் விசைத்தறிக்கும் பம்ப்செட்டுக்கும், இல்லாத பாகத்தைத் தானே கடைந்து மாட்டிக்கொள்வது வழக்கம். சாஃப்ட்வேரில் மட்டும் ஏன் கை கட்டி நிற்க வேண்டும்? உங்கள் வீட்டிலும் கணக்கு தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். பெரிதாக எதையும் கொடுக்காதீர்கள். உங்கள் ஊருக்கு மட்டும் தேவைப்படுகிற, வேறு யாரும் எழுதித் தரப் போகாத ஒரு சின்னக் கணக்கைக் கொடுங்கள். கன்ஸோலில் நாலு வரி. அது போதும் ஆரம்பிக்க.