மூச்சும் ஒரு பாடம்

'நூன், ஃபா, ஸீன்' என்னும் மூவெழுத்து வேரினின்று கிளைத்த சொற்களை மாணவர்க்குக் கற்பிப்பது நமது நெடுநாள் வழக்கம். 'நஃப்ஸ்' என்பது ஆன்மா. 'நஃபஸ்' என்பது மூச்சு. 'நஃபீஸ்' என்பது விலைமதிப்பற்றது. ஒருநாள் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஸ்ரத், நாம் இழுக்கும் மூச்சு இரத்தத்தில் எப்படிச் சேருகிறது?" என்று வினவினான். "பாடத்தைப் பார்" என்று அடக்கிவிட்டோம். விடை நமக்குத் தெரியாது என்பதே உண்மை. அன்றிரவு அந்த வினா நம்மை உறங்க விடவில்லை. பிறகு தேடிப் படித்தோம்.

நுரையீரலுள் கோடிக்கணக்கான காற்றறைகள் உள்ளன. அவற்றை மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் வலைபோற் சூழ்ந்துள்ளன. இடையே உள்ள திரையின் தடிப்போ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறுகூட இல்லை! காற்றறையில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். உடலைச் சுற்றிக் களைத்துவரும் குருதியில் சுமார் 40. மேட்டுநீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல் பிராணவாயு திரையைக் கடக்கிறது. செவ்வணுவின் ஹீமோகுளோபின் அதனைப் பற்றிக்கொள்கிறது. செவ்வணு அங்கே இருப்பது ஏறத்தாழ முக்கால் நொடி. அதில் மூன்றிலொரு பங்கிலேயே சுமை ஏறிவிடுகிறது. எஞ்சிய நேரம், நாம் ஓடி உழைத்துக் குருதி விரையும் வேளைக்கென இறைவன் வைத்த சேமிப்பன்றோ!

இதயத்தின் நடுச்சுவரிலுள்ள துளைகள் வழியே குருதி வலமிருந்து இடம் செல்கிறது என்றார் கிரேக்க மருத்துவர் காலன். கி.பி. 1242 வாக்கில், இப்னு ஸீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதிய இப்னு நஃபீஸ் அதனை மறுத்தார். சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் சென்று, காற்றுடன் கலந்தே இடப்புறம் வருகிறது என்றார். நுண்குழாய்களை மல்பீகி உருப்பெருக்கியால் கண்டது 1661இல்தான். இப்னு நஃபீஸின் இக்கருத்தை 1924இல் பெர்லின் ஏட்டுப்பிரதியிலிருந்து உலகறியச் செய்தவர் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ.

"எங்கள் முன்னோர் அன்றே சொன்னார்" என்று மேடைகளில் முழங்குகிறோம். அவர் கெய்ரோ மதரஸாவில் ஷாஃபிஈ சட்டம் போதித்த ஆசிரியர், நம் தொழிலினர்! அவர் பேராசான் இப்னு ஸீனாவின் கூற்றையே வினவத் துணிந்தார். நாமோ ஒரு சிறுவனின் வினாவுக்கு அஞ்சினோம்.

மறுவாரம் அவனை அழைத்து, "லா அத்ரீ, அன்று நமக்குத் தெரியாது" என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினோம். அவன் முகம் மலர்ந்தது. உடனே, "அசுத்தக் காற்று வெளியேறுவது எப்படி, ஹஸ்ரத்?" என்றான்.

"அதுவும் அவ்வழியேதான், உட்கார், சொல்லுகிறோம்" என்றோம்.