பழைய கார் வாங்கும்போது முதல்ல பானட்டைத் தொட்டுப் பாருங்க

பழைய கார் பார்க்கப் போனா எல்லாரும் பார்க்கறது பெயின்ட், ஏசி, டயர். பாருங்க, தப்பில்ல. ஆனா அதுக்கு முன்னாடி பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, "நாளைக்குக் காலைல வரேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

ஏன்னா கம்ப்ரெஷன் குறைஞ்ச பெட்ரோல் இன்ஜின் சூட்டுல ஓரளவு சமாளிச்சுடும். ராத்திரி முழுக்க நின்னு ஆறின பிறகு, காலைல அடிக்கிற முதல் செல்ஃப்லதான் அதோட வண்டவாளம் வெளியே வரும்.

(டாக்டருக்கு எதுக்குய்யா மெக்கானிக் வேலைன்னு கமென்ட் போடப் போறவங்க கொஞ்சம் பொறுங்க. ரெண்டும் ஒரே தொழில்தான். இங்க நோயாளி பொய் சொல்லாது, ஓனர்தான் சொல்லுவார்.)

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்களோட அப்பாவுக்கு வாரத்துல 3 நாள் டயாலிசிஸ். வீடு மந்தைவெளி. முடிஞ்சு வரும்போது மனுஷனுக்கு நிக்கவே தெம்பு இருக்காது. ஆட்டோல குலுங்கிக்கிட்டு வர்றதைப் பார்க்க முடியாம, சீட்டு எடுத்த பணத்துல ஒரு கார் வாங்கலாம்னு முடிவு பண்ணாங்க. அடையாறுல ஒரு 2009 மாடல் மாருதி 800, விலை 85 ஆயிரம். "டாக்டர், நீங்களும் வந்து ஒரு பார்வை பார்த்துடுங்க"ன்னாங்க. மந்தைவெளியில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

பானட் கொதிச்சுது. திரும்பிட்டோம்.

மறுநாள் காலை ஆறரை மணி. நாலாவது செல்ஃப்லதான் பிடிச்சுது. பிடிச்சதும் ஒரே உதறல். ஓனர் உடனே, "பேட்டரி வீக் சார், மாத்திட்டா சரியாயிடும்"னார். அண்ணன் மீட்டர் வச்சுப் பார்த்தார். 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் 10க்குக் கீழ இறங்கல. பேட்டரி மேல பழி போட வழியில்ல.

நான் கவனிச்சது சத்தத்தை. நல்ல இன்ஜின்ல செல்ஃப் அடிச்சா ஒரே தாளத்துல சுத்தும். இதுல ரெண்டு துடிப்பு கனமா, மூணாவது லேசா வழுக்கிட்டுப் போச்சு. மூணு சிலிண்டர்ல ஒண்ணு காத்தை அமுக்கலைன்னா இப்படித்தான் கேக்கும்.

ஒரு பெட்ரோல் இன்ஜின் ஓட நல்ல ஸ்பார்க், சரியான அளவு பெட்ரோல், கம்ப்ரெஷன் மூணும் வேணும். முதல் ரெண்டுக்கும் பார்ட்ஸ் கடையில கிடைக்கறதால, ஆளாளுக்கு பிளக் மாத்து, காயில் மாத்து, பம்ப் மாத்துன்னு போயிடறாங்க. காய்ச்சல்னதும் மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போடற கதைதான். கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு சூடாக்கினார் (ஸ்டார்ட்டிங் பார்க்கறது ஆறின இன்ஜின்ல, கேஜ் வைக்கறது சூடான இன்ஜின்ல). பெட்ரோல், இக்னிஷன் ரெண்டையும் கட் பண்ணி, மூணு பிளக்கையும் கழட்டி, கேஜை மாட்டினார். நான் ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு செல்ஃப் அடிச்சேன். ஆக்சிலேட்டரை அமுக்கலைன்னா காத்து உள்ள போகாது, நல்ல இன்ஜின்கூட சீக்குக்காரன் மாதிரி தெரியும்.

165. 160. மூணாவது, 90 பி.எஸ்.ஐ.

அடுத்தது மூணாவது சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கேஜ். எண்ணெய் பிஸ்டன் ரிங் இடுக்கை அடைக்கும். அதனால ரீடிங் நல்லா ஏறினா ரிங், போர் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். இங்க 95தான் வந்துச்சு. அப்ப கசிவு மேல, வால்வு பக்கம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டுமே குறைஞ்சிருந்தா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டிருப்போம்.

ரிங், போர்னா இன்ஜினையே பிரிக்கணும், அந்தக் கார் வேணாம். வால்வுன்னா ஹெட்டை மட்டும் இறக்கினா போதும். ஒரு ஸ்பூன் எண்ணெய்ல முடிவே மாறிடுது பாருங்க.

85 கேட்டவர், ரீடிங்கைக் காட்டினதும் 62க்கு இறங்கினார். ஹெட் வேலைக்கு 14 ஆயிரம் ஆச்சு. இறக்கிப் பார்த்தா எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகிக் கிடந்துச்சு. டிக்கியில கேஸ் கிட் கழட்டின ஓட்டைங்க. எல்பிஜில ஓட்டும்போது வால்வு சீட் தேஞ்சு வால்வு மேல ஏறும், டேப்பெட் இடைவெளி குறையும், வால்வு முழுசா மூடாது, சூட்டுல கருகும். கேஸ் வண்டின்னா டேப்பெட் எப்ப செட் பண்ணாங்கன்னு மறக்காம கேளுங்க.

சிஸ்டரோட அப்பா இப்ப முன் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறார்.

இதை முன்ன சுருக்கமா எழுதினப்ப, துபாய்ல இருக்கற என் தி.நகர் நண்பன், "மஸ்டா ஆர்.எக்ஸ்-8 பார்த்திருக்கேன்டா, அதுக்கும் இதேதானா?"ன்னு கேட்டான். இல்ல, அங்க எல்லாமே தலைகீழ். நமக்கு மஸ்டான்னா ஸ்வராஜ் மஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். ஆனா ஆர்.எக்ஸ்-8ல இருக்கறது ரோட்டரி இன்ஜின். பிஸ்டனும் இல்ல, வால்வும் இல்ல. முக்கோண ரோட்டர் ரெண்டு, மொத்தம் 1308 சிசி. ஒவ்வொரு மூலையிலயும் காத்தை அடைக்க அபெக்ஸ் சீல்னு ஒரு மெல்லிய பட்டை. அது தேஞ்ச வண்டி காலைல சமத்தா ஸ்டார்ட் ஆகும். நல்லா ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. அதனால அதைச் சூட்டுலதான் சோதிக்கணும்.

இன்னொண்ணு, சாதாரண கேஜ் அங்க ஏமாத்தும். ஒரு ரோட்டருக்கு மூணு முகம். ஒரு அபெக்ஸ் சீல் போனா அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற முகங்கள் பலவீனமாகும், மூணாவது நல்லா இருக்கும். நம்ம கேஜ் உச்ச அளவை மட்டும் பிடிச்சு வச்சுக்கும், அந்த நல்ல முகத்தைக் காட்டி "எல்லாம் நார்மல்"னு சொல்லிடும். சுகர் பேஷன்ட் பத்தியமா இருந்த நாள் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு வந்து நீட்டற மாதிரி. மூணு முகத்தையும் தனித்தனியா காட்டற ரோட்டரி டெஸ்டர் வச்சிருக்கற கராஜ்ல பார்க்காம பணத்தைக் குடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்.

கேஜ் ஜி.பி. ரோட்டுல கிடைக்கும். டீசல் காருக்கு மட்டும் பெட்ரோல் கேஜை மாட்டிடாதீங்க. டீசல்ல அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.யைத் தொடும், கேஜ் தாங்காது.